தப்பா போட்டா சரியா வருமா?

அலுவலகத்தில் அவருக்குப் பட்டப்பெயர் ‘நிபுணர்’. ஆரம்பத்தில் அது முதுகுக்குப் பின்னால் கேலியாகத்தான் புழங்கியது. ஒருநாள் அவர் காதிலேயே விழுந்துவிட, சொன்னவர்கள் வெலவெலத்துப் போனார்கள். அவரோ, “பரவாயில்லையே, இப்பவாவது கவனிச்சீங்களே” என்று பூரித்துப்போனார். கேலி செய்கிறவனுக்கு இதைவிடப் பெரிய தோல்வி கிடையாது.

ஆஸ்பத்திரிகளுக்கு மென்பொருள் செய்து கொடுக்கும் கம்பெனி அவருடையது. ஆனால் அவர் பெருமையோடு சேர்த்து வைத்திருந்தது மென்பொருளை அல்ல, அசட்டுக் கேள்விகளை. வாடிக்கையாளர்கள் போனில் கேட்பதையெல்லாம் மனப்பாடமாக வைத்திருப்பார். எந்தக் கூட்டமானாலும் அதில் ஒன்றிரண்டை எடுத்துவிட்டுத்தான் பேச்சைத் தொடங்குவார்.

“ஒரு அம்மா போன் பண்ணினாங்க. ‘பேப்பர் இல்ல, பேப்பர் இல்லன்னு பிரிண்டர் கத்திக்கிட்டே இருக்கு. பேப்பர் கட்டை அது பக்கத்துலயேதான் வச்சிருக்கேன், அதுக்குக் கண்ணு தெரியலையா?’ன்னு கேட்டாங்க.”

சபை சிரிக்கும்.

“இன்னொருத்தர் கேட்டார், ‘நேத்து நானே அழிச்சதை இன்னிக்குத் தேடினா கிடைக்குமா?’ன்னு.”

சபை இன்னும் பெரிதாகச் சிரிக்கும். இரண்டாமவர் கேட்டதில் அப்படியென்ன அபத்தம் என்று யாரும் நின்று யோசித்ததில்லை. சிரிப்பு உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டால் யோசனை வாசலிலேயே திரும்பிப் போய்விடும்.

அந்த வருஷம் நிபுணருக்குக் கிடைத்த பெரிய வேலை ஒரு கண் ஆஸ்பத்திரி. புரை விழுந்த கண்ணில் மங்கிப்போன லென்ஸை எடுத்துவிட்டு அந்த இடத்தில் செயற்கை லென்ஸ் வைக்கிறார்கள் அல்லவா, அதற்கு எத்தனை பவர் என்று முன்கூட்டியே கணக்குப் போட வேண்டும். கண்ணின் நீளம், கருவிழியின் வளைவு இரண்டையும் அளந்து கணக்கில் போட்டால் பவர் வரும். ஆளுக்கு ஆள் அது மாறும். சிலருக்குக் கண்ணுக்குக் கண் மாறும். அதுவரை அங்கே ஒரே கணக்கை இரண்டு பேர் தனித்தனியாகப் போட்டு, கடைசியில் ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நிபுணர் அதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். “ஒரே கணக்கை எதுக்கு சார் ரெண்டு பேர் போடணும்? கல்யாண வீடா, ஆளுக்கொரு கை போடறதுக்கு? அளவை உள்ள தட்டுங்க, லென்ஸ் வெளிய வரும். அவ்வளவுதான்.”

ஆஸ்பத்திரியின் தலைமை மருத்துவருக்கு இது பிடித்துப்போயிற்று. ‘பெரிய டாக்டர்’ என்று எல்லோரும் அவரை அழைத்தார்கள். ஆள் குட்டை, குரல்தான் பெரிது. இரண்டாவது கணக்கு நிறுத்தப்பட்டது. அந்த வேலை பார்த்தவரை மருந்துக் கிடங்குக்கு அனுப்பிவிட்டார்கள்.

திறப்புவிழா மாதிரி ஒரு கூட்டம் மத்தியானம் ஏற்பாடாகியிருந்தது. மறுநாள் காலையில் ஆபரேஷன் செய்துகொள்ளப் போகிறவர்களின் அளவுகள்தான் புது மென்பொருளில் ஏறும் முதல் அளவுகள். கூட்டத்தன்று காலையிலேயே அவற்றை ஏற்றியாகிவிட்டது. அந்தப் பட்டியலில் நிபுணரின் மாமனாரும் இருந்தார்.

மாமனார் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டச் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவர். வலது கண் பிறவியிலேயே கடுமையான கிட்டப்பார்வை. அந்தப் பக்கம் அவர் கண்ணாடி சோடாபாட்டில் அடிப்பாகம் மாதிரி தடித்திருக்கும். இடது பக்கம் வெறும் ஜன்னல் கண்ணாடி. ஆயுள் முழுக்க இடது கண்ணை நம்பியே காலம் தள்ளியவர். இப்போது புரை விழுந்து மங்கியிருப்பது அந்த இடது கண். சுருக்கமாகச் சொன்னால், மறுநாள் டாக்டர் கை வைக்கப்போவது அவருடைய ஒரே உருப்படியான கண்ணில்.

நிபுணரின் மனைவிக்கு அன்று லீவு கிடைக்கவில்லை. அதனால் அளவெடுக்க மாமனாரை அழைத்து வந்தது நிபுணர்தான். அளவெடுத்து முடிந்ததும், “மாமா, மேல மீட்டிங் ரூம்ல ஏசி இருக்கு. பின்னாடி உக்காந்துக்குங்க. பிஸ்கட் தருவாங்க” என்று சொல்லிக் கூட்டிப்போனார். அதுதான் தன் வாழ்நாளில் செய்த மிகப் புத்திசாலித்தனமான காரியம் என்று அப்போது அவருக்குத் தெரியாது.

நீள மேஜை. ஒரு பக்கம் டாக்டர்கள், மறு பக்கம் நர்ஸ்கள், கோடியில் மேனேஜர். கண்ணை அளக்கும் பிரிவில் வேலை பார்க்கும் அளவுக்காரம்மா சுவரோரம் நின்றிருந்தார். நிபுணர் பிரிண்டர் கதையைச் சொன்னார். சிரித்தார்கள். அழித்ததைத் தேடியவர் கதையைச் சொன்னார். பெரிய டாக்டர் வயிறு குலுங்கச் சிரித்தார். அவர் சிரித்ததால் மேனேஜரும் சிரித்தார். பிறகு திரையில் மென்பொருள் விரிந்தது. வெள்ளை வெளேரென்ற திரை, நடுவில் இரண்டு பத்தி எண்கள். தலைப்பெழுத்துகள் சாம்பல் நிறத்தில், இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படும் அளவுக்குப் பொடியாக இருந்தன. அதுதான் இப்போது நாகரிகம்.

“பேச்செல்லாம் வேண்டாம். இது மேல எனக்கு எவ்வளவு நம்பிக்கைன்னு காட்டறேன். இதோ, இது யார் கண்ணு? என் மாமனார் கண்ணு! நாளைக்குக் காலையில அவருக்குத்தான் முதல் ஆபரேஷன். பொண்ணு குடுத்தவர் கண்ணை வச்சு யாராவது விளையாடுவாங்களா?”

கைதட்டல். எல்லோரும் திரும்பிப் பார்க்க, கண்ணுக்குச் சொந்தக்காரர் பிஸ்கட்டை டீயில் நனைத்துக்கொண்டிருந்தார். ஈரமான பாதி டீக்குள் விழுந்துவிட்டது. அதை விரலால் தேடியபடியே அவர் கேட்டார்.

“மாப்ளே, ஒரு சந்தேகம். இதுல ஏதாவது தப்பா போட்டுட்டா, சரியா வருமா?”

சிரிப்பில் கூரை பறந்தது. பெரிய டாக்டர் மேஜையைத் தட்டினார். கடைசி வரிசையில் ஒரு நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டு குனிந்தார். அளவுக்காரம்மாவும்தான் சிரித்தார், கொஞ்சம் சத்தமாகவே.

நிபுணருக்கு மேடையில் பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி இருந்தது. “மாமா, வினை விதைச்சவன் வினைதான் அறுப்பான். தப்பைப் போட்டுட்டு சரியை எடுக்கறதுக்கு இது கம்ப்யூட்டர் மாமா, கண்கட்டு வித்தை இல்ல.” சபையைப் பார்த்துக் கண்ணடித்தார். “இனிமே பிரிண்டர் கதைக்கு ரெண்டாவது எடந்தான்!”

மாமனார் கோபத்தைக் காட்டவில்லை. டீயை முழுசாகக் குடித்தார், டம்ளரை வைத்தார், கைக்குட்டையால் விரலைத் துடைத்தார். பிறகு நிதானமாக எழுந்து, “அப்போ நான் யோசிக்கணும்” என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

அவர் யோசித்து முடித்த செய்தி, நிபுணர் வீட்டுக்குப் போவதற்கு முன்பே அங்கே போய்ச் சேர்ந்திருந்தது.

மனைவி வேலை பார்ப்பது பஸ் நிலையத்தின் விசாரணைக் கவுண்டரில். அன்று சீக்கிரமே வந்திருந்தார். கூடத்தில் ஆஸ்பத்திரிக்கு என்று கட்டி வைத்திருந்த பை அவிழ்க்கப்பட்டு, துண்டும் வேட்டியும் மறுபடி கொடியில் தொங்கின.

“என்னம்மா இது? மாமா எங்க?”

“உள்ள இருக்கார். ஆபரேஷன் வேண்டாமாம்.”

“ஏன்? பயமா?”

“அதை நீங்கதான் சொல்லணும். அப்பா உங்ககிட்ட ஏதோ கேட்டாராம், நீங்க ஊரைக் கூட்டிச் சிரிச்சீங்களாமே?”

“ஐயோ, அதைக் கேளு!” நிபுணர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கதை சொல்லும் உற்சாகத்தில் இடம் பொருள் ஏவல் எல்லாம் மறந்துபோயிற்று. அச்சு அசலாக மாமனார் குரலிலேயே சொன்னார். பிஸ்கட் விழுந்ததைக்கூட விடவில்லை. “தப்பா போட்டுட்டா சரியா வருமான்னு கேக்கறார்ம்மா! எப்படி இருக்கு?”

மனைவி சிரிக்கவில்லை.

“சரி, தப்பா போட்டா என்ன ஆகும்?”

“என்ன ஆகும், தப்பாத்தான் வரும்.”

“தப்பா வந்திருக்குன்னு அது சொல்லுமா?”

“எது?”

“உங்க மென்பொருள்தான். வேற எது? நான் என்ன சுவத்தைப் பத்தியா கேக்கறேன்?”

“அதுக்கு எப்படிம்மா தெரியும்? போட்டது எதுவோ அதை வச்சுத்தானே அது கணக்குப் போடும்.”

“அப்போ வேற யாராவது பாத்துச் சொல்லுவாங்களா?”

நிபுணருக்கு மருந்துக் கிடங்குக்குப் போன ஆள் நினைவுக்கு வந்தார்.

“இதைத்தாங்க அப்பா கேட்டிருக்கார்.”

“இதையா? அவர் கேட்டது இது இல்லையே. வார்த்தைக்கு வார்த்தை எனக்கு ஞாபகம் இருக்கு.”

“வார்த்தை ஞாபகம் இருந்து என்ன பிரயோஜனம்? என் கவுண்டருக்குத் தினமும் ஒருத்தராவது வந்து, ‘ஏம்மா, ஆறு மணி பஸ் எத்தனை மணிக்கு?’ன்னு கேப்பாங்க. புதுசா வந்த பசங்க விழுந்து விழுந்து சிரிப்பானுங்க. அவங்களுக்கு ஆறு மணி பஸ் ஆறு மணிக்குன்னு தெரியாதா? பஸ் லேட்டா, எவ்வளவு லேட்டுன்னு கேக்கறாங்க. அதுக்குத்தான் எனக்கு சம்பளம். ‘ஆறு மணி பஸ் ஆறு மணிக்கு’ன்னு பதில் சொல்றதுக்கு ஒரு பலகை போதும்.”

“அது வேற, இது வேற…”

“என்ன வேற? காலம் பூரா பக்கத்து சீட்டுல தனக்குன்னு தனி பிரேக் வச்சுக்கிட்டு உக்காந்திருந்த மனுஷன் அவர். கத்துக்கறவன் தப்பா மிதிப்பான், வண்டி சரியா நிக்கும். அவருக்கு அதுதான் தினசரி. ‘தப்பா போட்டா சரியா வருமா’ன்னா, பக்கத்துல பிரேக் இருக்கான்னு அர்த்தம். இதுல சிரிக்க என்ன இருக்கு?”

உள்ளேயிருந்து மாமனாரின் குரல் வந்தது. “அப்படித்தான் கேட்டேனான்னு எனக்கு நிச்சயமாத் தெரியலம்மா. ஆனா நீ சொல்றது நல்லா இருக்கு. அப்படியே வச்சுக்கலாம்.”

“அப்பா, நீங்களும் சும்மா இருங்க. ‘பின்னாடி போறதுக்கு எதுக்கு சார் முன்னாடி இருக்கற கண்ணாடியைப் பாக்கணும்’னு ஒரு அம்மா கேட்டாங்கன்னு எத்தனை வருஷம் சொல்லிச் சொல்லிச் சிரிச்சீங்க? ரெண்டு பேரும் ஒரே ரகம். என்ன, அவர் புரொஜெக்டர் வச்சுச் சிரிக்கறார், நீங்க தின்பண்டம் வச்சுக்கிட்டு சிரிப்பீங்க.”

உள்ளே, “ஆனா அந்தம்மா ரொம்ப…” என்று ஆரம்பித்த குரல், பாதியிலேயே ஞானோதயம் வந்து நின்றுவிட்டது.

மனைவியின் குரல் இறங்கியது. “என்னங்க, அவருக்கு இருக்கறது அந்த ஒரு கண்ணு. நாளைக்கு விட்டா டாக்டர் வெளிநாடு போறாராம், திரும்பி வர ரெண்டு மாசம் ஆகும். அதுக்குள்ள இன்னும் முத்திப்போச்சுன்னா கஷ்டம்னு அவரே சொன்னார். அப்பாவை ஒத்துக்க வைக்கறது உங்க பொறுப்பு. உங்க நம்பிக்கையை வச்சு இல்ல. பாத்துட்டு வந்து சொல்லுங்க.”

நிபுணர் கிளம்பினார். தன் மீது சந்தேகம் வந்து கிளம்பினார் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். உண்மை அதுவல்ல. போய் ஒரு பார்வை பார்த்துவிட்டு வந்து, ‘என் கண்ணால பாத்துட்டேன் மாமா, எல்லாம் கச்சிதம்’ என்று சொல்லிவிடலாம் என்றுதான் போனார். வழியெல்லாம் அந்த வசனத்தைத்தான் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரியில் அளவெடுக்கும் அறை சின்னது. முகவாயை வைத்துக்கொள்ளும் தாங்கியோடு ஒரு கருவி, இரண்டு பக்கமும் இரண்டு முக்காலி, ஓரத்தில் கம்ப்யூட்டர். அளவுக்காரம்மா கருவிக்கு உறை போட்டுவிட்டுக் கைப்பையை எடுத்துக்கொண்டிருந்தார்.

“ஒரு நிமிஷம்மா. சும்மாதான் வந்தேன். எங்க மாமனார் அளவை எப்படி ஏத்தினீங்கன்னு எனக்கு ஒரு தடவை செஞ்சு காட்டுங்க.”

“ஏன் சார், ஏதாவது தப்பா?”

“தப்பெல்லாம் ஒண்ணும் இருக்காது. மாமனார் கொஞ்சம் சந்தேகப் பிராணி, அவ்வளவுதான்.”

அவர் அளவுச் சீட்டை எடுத்து மேஜையில் வைத்தார். கண் சீட்டின் மேல் இருந்தது, விரல்கள் எண் பலகையில் இருந்தன. திரையை அவர் பார்க்கவே இல்லை. முதல் பத்தியைச் சடசடவென்று அடித்தார், தாவினார், இரண்டாவது பத்தியை அடித்தார். நல்ல தட்டச்சுக்காரர்கள் எல்லோரும் அப்படித்தான். பார்க்க அழகாக இருந்தது.

நிபுணர் சீட்டைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். மறுபடி சீட்டைப் பார்த்தார்.

“இந்தச் சீட்டுல… இடது பக்கம் எழுதியிருக்கறது எந்தக் கண்ணு?”

“வலது கண்ணு சார்.”

“வலது கண்ணை எதுக்கு இடது பக்கம் எழுதறீங்க?”

அளவுக்காரம்மா அவரை விநோதமாகப் பார்த்தார். தன் கேள்வி எவ்வளவு அசட்டுத்தனமாகக் காதில் விழுந்திருக்கும் என்பது நிபுணருக்கு உடனே உறைத்தது. அந்த அம்மா சிரிக்கவில்லை. முக்காலியைக் காட்டினார்.

“உக்காருங்க சார், எனக்கு எதிர்ல. உங்க வலது கண்ணு எனக்கு எந்தப் பக்கம் இருக்கு?”

“…இடது பக்கம்.”

“அவ்வளவுதான் சார். எதிர்ல இருக்கற முகம் எப்படித் தெரியுதோ அப்படியே எழுதுவோம். கண்ணு வேலை பாக்கறவங்க எல்லாரும் இப்படித்தான். பெரிய டாக்டர் எழுதற சீட்டும் இப்படித்தான் இருக்கும்.”

நிபுணர் திரும்பித் திரையைப் பார்த்தார். பொடி எழுத்து, சாம்பல் நிறம். வலது கண் வலது பக்கம், இடது கண் இடது பக்கம். மூன்று மாதத்துக்கு முன்பு அவரிடம் வேலை பார்க்கும் பையன்களில் ஒருவன், ‘எந்தக் கண்ணு எந்தப் பக்கம்னு ஆஸ்பத்திரில ஒரு வார்த்தை கேட்டுக்கலாமா சார்?’ என்று கேட்டிருந்தான். ‘வலது எந்தப் பக்கம்னு போய்க் கேக்கச் சொல்றியா? மானம் போயிடும்’ என்று அவனையும் சேர்த்துக் கதையாக்கிச் சிரித்தாகிவிட்டது.

“அம்மா,” என்றார். “திரையில தலைப்பைப் படிங்க.”

அளவுக்காரம்மா கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்தார். படித்தார். நிமிரவில்லை.

“ஐயோ சார். பயிற்சியில சொன்னீங்க, இங்க வலது வலது பக்கம்னு. முதல் ரெண்டு பேருக்குப் பாத்துப் பாத்துத்தான் போட்டேன். அப்புறம் கூட்டம் வந்துடுச்சு. கை… கை அதுபாட்டுக்குப் போயிடுச்சு சார்.”

வலது கண்ணின் அளவு இடது கண்ணுக்கும், இடது கண்ணின் அளவு வலது கண்ணுக்கும் ஏறியிருந்தது. அந்தக் கணக்கின்படி மறுநாள் மாமனாரின் நல்ல கண்ணுக்குள் போகவேண்டிய லென்ஸ், சோடாபாட்டில் கண்ணுக்காகக் கணக்கிட்ட லென்ஸ். பெட்டியில் பெயரெழுதி எடுத்துக்கூட வைத்துவிட்டார்கள்.

இரண்டு பேரும் உட்கார்ந்து மறுநாள் பட்டியலில் இருந்த ஒவ்வொருவரையும் எடுத்துப் பார்த்தார்கள். பாதிக்கு மேல் மாறித்தான் ஏறியிருந்தன. ஆனால் ஒரு விந்தை. வந்த விடையில் அநேகமாக யாருக்கும் பெரிய வித்தியாசமே இல்லை. காரணம் எளிது. பெரும்பாலானவர்களுக்கு இரண்டு கண்ணும் ஒரே வாகாக இருக்கும். மாற்றிப் போட்டாலும் அதே லென்ஸ்தான் வரும். அதாவது தப்பாகப் போட்டு, சரியாக வந்திருந்தது.

நிபுணர் நாற்காலியில் சாய்ந்தார். மத்தியானம் ஊரே சிரித்த கேள்விக்கு ‘ஆமாம், பெரும்பாலும் வரும்’ என்பதுதான் விடை. அதில்தான் ஆபத்தே இருந்தது. பெரும்பாலும் சரியாக வந்துகொண்டே இருக்கும், யாரும் கவனிக்க மாட்டார்கள். இரண்டு கண்ணும் இரண்டு மாதிரி இருக்கிற ஒருவர் என்றைக்காவது வந்து உட்காரும்வரை. இந்த முறை அவர் முதல் நாளே வந்து உட்கார்ந்திருந்தார், பிஸ்கட்டோடு.

“சார், என் வேலை போயிடுமா?” என்று கேட்டார் அளவுக்காரம்மா.

“இல்லம்மா. தப்பு…” என்று தொடங்கினார் நிபுணர். அடுத்த சொல் அவர் வாய்க்குப் பழக்கமில்லாதது. தொண்டையிலேயே வழி தெரியாமல் நின்றது. “தப்பு திரையோடது” என்றார். பாதி வழிதான் வந்தார். அவரைப் பொறுத்தவரை அதுவே அதிக தூரம். கொஞ்சம் பொறுத்து, “திரை என்னோடது” என்று மீதியையும் சொல்லிவிட்டார்.

பெரிய டாக்டருக்குப் போன் போயிற்று. விஷயத்தைக் கேட்டதும் அவர் சொன்ன முதல் வாக்கியம், “ஆபரேஷனுக்கு முன்னாடி எப்படியும் நான் கண்டுபிடிச்சிருப்பேன்.” மேனேஜர், “எப்படியும் எங்க கவனத்துக்கு வந்திருக்கும்” என்றார். யாரும் எதுவும் சொல்லாமலே எல்லோரும் கண்டுபிடித்திருப்பார்களாம். ஆனாலும் பெரிய டாக்டர் உடுப்பை மாட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். மருந்துக் கிடங்கிலிருந்த ஆளையும் கூப்பிட்டார்கள். அளவுக்காரம்மா சீட்டைச் சத்தமாகப் படிக்க, கிடங்கு ஆள் ஏற்ற, பெரிய டாக்டர் தனியாகத் தாளில் கணக்குப் போட்டார். பெயரெழுதி வைத்த பெட்டிகளில் ஒன்றை ஒதுக்கி வைத்துவிட்டு, வேறு பெட்டியில் மாமனாரின் பெயரை எழுதினார்கள். நிபுணர் அதைத் தானே இரண்டு முறை தொட்டுப் பார்த்தார்.

வீட்டில் மனைவி கதவைத் திறந்ததும் அவர் முகத்தைப் பார்த்தார். நகர்ந்து வழிவிட்டார்.

மாமனார் கட்டிலில் உட்கார்ந்து ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார். நிபுணர் அவர் பக்கத்திலேயே போய் உட்கார்ந்தார். வழக்கமாக எதிர் நாற்காலியில்தான் உட்காருவார்.

“மாமா, தப்பா போட்டா தப்பாத்தான் வந்திருக்கும். அது சொல்லியும் இருக்காது. தப்பா போட்டுட்டாங்க. உங்களுக்குத்தான்.”

ரேடியோவின் காதை மாமனார் திருகினார். “எனக்கா?”

“வலதும் இடதும் மாறிப்போச்சு. இப்ப சரி பண்ணியாச்சு. மூணு பேர் உக்காந்து பாத்தாங்க. நானும் பக்கத்துலயே இருந்தேன்.”

மாமனார் கையை எடுத்து இடது கண்ணை மெல்லத் தொட்டுப் பார்த்துக்கொண்டார், அது அங்கேயே இருக்கிறதா என்பதுபோல. கதவருகே நின்றிருந்த மகள் மூச்சை விட்டது இருவருக்குமே கேட்டது.

“நீங்க கேட்டது ரொம்ப நல்ல கேள்வி மாமா. நான்தான்…”

“அதெல்லாம் எனக்குத் தெரியாது மாப்ளே. பயமா இருந்துச்சு, கேட்டேன். அவ்வளவுதான்.” பிறகு மகளைப் பார்த்தார். “துண்டு, வேட்டியெல்லாம் காஞ்சிடுச்சாம்மா? திரும்பப் பையில எடுத்து வை.”

“அதெல்லாம் நனையவே இல்லப்பா. நீங்கதான் கோவத்துல கொடியில போட்டீங்க” என்று சொன்ன மகள், சிரிப்பை அடக்கிக்கொண்டு கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மறுநாள் ஆபரேஷன் நடந்தது. அதற்கு மறுநாள் காலை கட்டுப் பிரிக்கும் அறையில் மூவரும் இருந்தார்கள். பெரிய டாக்டரின் உதவியாளர், படித்து முடித்த கையோடு வேலைக்குச் சேர்ந்த இளம் டாக்டர், கண் மேலிருந்த மூடியை மெதுவாக எடுத்தார். மாமனார் இமையைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். சுவரில் மாட்டியிருந்த எழுத்து அட்டையைக் கேட்காமலே மேலிருந்து கீழே படித்தார். கடைசி வரிக்குக் கீழே இருந்த அச்சகத்தின் பெயரையும் படித்தார். மகளின் பிடி நிபுணரின் முழங்கையில் தளர்ந்தது. அதுவரை மனைவி பிடித்திருந்ததே அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

“ஏம்மா, உனக்கு எப்ப இவ்வளவு நரை வந்துச்சு?”

“வந்து ரொம்ப நாளாச்சுப்பா.”

“மாப்ளே, நீங்களும் ஒண்ணும் வாட்டசாட்டமா இல்லையே. மங்கலா இருந்தப்ப நல்லா இருந்தீங்க.”

நிபுணர் சிரித்தார். தன்னைப் பற்றிய ஒன்றுக்கு அவர் சிரித்தது அலுவலகத்தில் யாரும் பார்த்திராத காட்சி.

மாமனார் கையை முகத்துக்கு நேரே நீட்டி ரேகைகளைப் பார்த்தபடி கேட்டார். “டாக்டர், ஒரு சந்தேகம். இந்த லென்ஸை எப்ப வெளிய எடுத்துக் கழுவணும்?”

இளம் டாக்டருக்குச் சிரிப்பு உதட்டு வரை வந்துவிட்டது. நிபுணர் சட்டென்று கையை உயர்த்தித் தடுத்தார்.

“சிரிக்காதீங்க டாக்டர். அவர் கேக்கறது என்னன்னா, இந்த லென்ஸ் கொஞ்ச நாள் கழிச்சு மறுபடி மங்குமா, மங்கினா என்ன பண்றதுன்னு. நியாயமான கேள்வி.”

இளம் டாக்டர் முகம் மாறியது. “அட, ஆமா சார். லென்ஸ் மங்காது. ஆனா சில பேருக்கு அதுக்குப் பின்னாடி இருக்கற சவ்வு கொஞ்ச வருஷம் கழிச்சு மங்கும். லேசர்ல உடனே சரி பண்ணிடலாம். நல்லா கேட்டீங்க பெரியவரே.”

நிபுணர் பெருமிதத்தோடு மனைவியைப் பார்த்தார். மனைவி பரவாயில்லை என்பதுபோலத் தலையசைத்தார்.

மாமனார் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். இப்போது எல்லோரும் நன்றாகவே தெரிந்தார்கள்.

“இல்ல மாப்ளே,” என்றார். “கழுவணுமான்னுதான் கேட்டேன்.”